மூன்றாவது உருமா

அத்தியாயம் 19

பாத்திரங்கள் இன்னும் திரும்பி வந்துகொண்டிருந்தன.

கல்யாணசுந்தரி கண்ணை மூடி இன்றைக்குப் பதினாறாம் நாள். இத்தனை நாளும் தெருக்காரர்கள் தூக்குச்சட்டியும் கிண்ணமுமாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அடியில் 'க.சு.' என்று பேர் வெட்டியிருக்கும். என்றைக்கோ கறிக்குழம்பு ஊற்றிக் கொடுத்தது, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சி அனுப்பியது, தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்க வந்த பெண்கள் மழைக்கு ஒதுங்கின நாளில் சுண்டல் போட்டுக் கொடுத்தது. திருப்பிக் கேட்கிற பழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது. கேட்டால் கொடுத்ததைச் சொல்லிக்காட்டின மாதிரி ஆகிவிடும் என்பாள். ஆள் போன பிறகுதான் நம் கோவில்பட்டிக்காரர்களுக்கு வெட்கம் வந்திருக்கிறது, போகட்டும்.

உமாதேவி அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, பித்தளைத் தாம்பாளத்தைத் துடைத்து அதில் துண்டுகளை அடுக்கினாள். புதுத்துண்டு. சிவப்புக் கரை. ஒன்று, இரண்டு, மூன்று.

போன வாரம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். பதினாறாம் நாள் தாய்மாமன் வந்து, மொட்டை போட்ட மகன்களின் தலையில் புதுத்துண்டால் உருமா கட்டுவார். இனிமேல் இந்த வீட்டுக்கு நீதான் ஆள் என்று ஊர் முன்னால் கட்டுகிற தலைப்பாகை அது. சௌந்தரபாண்டியனுக்கு ஒன்று, லிங்கராஜுக்கு ஒன்று. "மாயனுக்கும் ஒண்ணு கட்டச் சொல்லுட்டி. அவனும் எம் பால் குடிச்ச பிள்ளைதான்" என்றாள். உமாதேவி தலையாட்டினாள். அம்மாவும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கென்ன.

"உமா, இது என்ன?"

வாசல்நிலையில் பெரிய அண்ணன் சௌந்தரபாண்டியன் நின்றிருந்தான். மொட்டைத் தலையில் பதினாறு நாள் முடி முள்முள்ளாக நின்றது.

"துண்டு."

"துண்டுன்னு தெரியுது. மூணாவது யாருக்கு?"

அவள் துண்டின் மடிப்பை நீவினாள். அவனுக்குத் தெரியாமலா கேட்கிறான்.

அவன் உள்ளே வந்து தாம்பாளத்தைக் காலால் எத்தினான். அது சுவரில் போய் மோதித் தரையில் சுழன்றது. உமாதேவி குனிந்து துண்டை எடுக்கப் போனாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். கண்ணாடி வளையல் நாலைந்து நொறுங்கிச் சதையில் ஏறின.

"அண்ணே, விடு. ரத்தம் வருது."

"வரட்டும். கேட்டுக்கோ. மயானத்துல நான் கொள்ளிச்சட்டியைத் தூக்கிட்டு நின்னேன், எனக்குத் தெரியாது. ஆட்டுக்கிடைக்காரன் மவன் மாயன் வரிசையில கடைசியா உக்காந்து மொட்டை போட்டுட்டான். போகட்டும், போறவன் போகட்டும்னு விட்டேன். இன்னைக்கு பந்தலுக்குள்ள கால் வச்சான்னா அந்தக் கால் அவனுக்கு இல்ல."

"அம்மா சொன்னாவ."

"அம்மா நெனவு தப்பிப் பேசினா."

"நல்ல நெனவோடதான் பேசினாவ. உனக்கும் தெரியும்."

அவன் கையை விட்டான். ஒரு நிமிஷம் அவன் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, கடைசி ஒரு மாதம் அம்மாவைத் தூக்கிச் சுமந்தவன் அவன்தான். குளிக்க வைத்தான், வாயில் ஊட்டினான், பீ அள்ளினான். மருமகள்கள் முகம் சுளிப்பதற்குள் அவனே செய்து முடித்துவிடுவான்.

"உமா, நான் ஒண்ணு சொல்லுதேன்" என்றான், குரலைத் தாழ்த்தி. "அவனை நீ கூப்பிட்டேன்னா, அதோட இந்த வீட்டு வாசலை நீ மிதிக்கக்கூடாது. நல்லது கெட்டது எதுக்கும். உனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு கிடையாது. யோசிச்சுக்கோ."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவள் முந்தானையால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, மூன்று துண்டையும் உதறி மறுபடி அடுக்கினாள்.

*

மாயகிருஷ்ணன் வீடு ஊருக்கு வெளியே, கரிசல் காடு ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. வெயிலுக்கு வெடித்துக்கிடந்த வண்டிப்பாதையில் உமாதேவி ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஒரே யோசனை. வராதே என்று சொல்லிவிடலாம். அம்மா மேலேயிருந்து பார்த்து வையவா போகிறாள். வைவாள். கல்யாணசுந்தரி வையாத ஆளா. பட்டினி கிடந்தவளைக்கூட வைதுதான் சாப்பிட உட்கார வைப்பாள்.

ஆட்டுப்பட்டியை நெருங்கும்போதே அடிக்கிற சத்தம் கேட்டது.

மாயனின் அம்மா வள்ளித்தாய் ஆட்டுக்குத் தழை பறிக்கிற தொரட்டிக் கம்பால் மகனை விளாசிக்கொண்டிருந்தாள். அவனுக்கு முப்பத்தொன்பது வயது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், மூட்டையைத் தனியாகத் தோளில் ஏற்றுகிறவன், பஸ் ஸ்டாண்டில் ஒரு லாரிக்காரனின் முன்பல்லைத் தட்டிவிட்டுப் பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று முதுகில் வாங்கிக்கொண்டிருந்தான். சட்டை தோளில் கிழிந்து தொங்கியது. ஆடுகள் வேலி ஓரமாக மிரண்டு ஒதுங்கியிருந்தன.

"நான் செத்துட்டேனா? சொல்லுலே, நான் செத்துட்டேனா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. "பெத்தவ உசுரோட இருக்கையில மொட்டை போட்டுட்டு வந்து நிக்கியே. ஊர்ல அவனவன் எங்கிட்ட வந்து, என்ன வள்ளித்தாயி, நீ எப்பப் போய்ச் சேந்தேன்னு கேக்கான். இன்னைக்கு உருமா வேற கட்டப்போறியோ?"

"சித்தி, போதும்" என்று உமாதேவி கம்பைப் பிடித்தாள்.

"நீ விடு தாயி. பதினாறு நாளா இவனுக்கு நான் சோறு போடல. இவன் மூஞ்சிலயே முழிக்கல."

அவள் கோபத்தில் நியாயம் இருக்கத்தான் செய்தது. தாய் இருக்கிற பிள்ளை தலையைச் சிரைத்துக்கொண்டு வந்து நிற்பதை எந்தத் தாய் பொறுப்பாள். ஆனால் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். இவர்களுடைய ஆட்டுக்கிடை அப்போது கல்யாணசுந்தரி வீட்டுக் காட்டில் போட்டிருந்தது. மாயனைப் பெற்றுப்போட்ட மூன்றாம் நாள் வள்ளித்தாய்க்கு ஜன்னி கண்டுவிட்டது. நாற்பது நாள் தன்னினைவே இல்லை. கல்யாணசுந்தரிக்கு அப்போது மூன்று மாதக் கைக்குழந்தை சௌந்தரபாண்டியன். அவள் யாரிடமும் கேட்கவில்லை. மாமியாரிடம்கூடக் கேட்கவில்லை. கிடைக்கு நடந்துபோய்க் குழந்தையை வாரிக்கொண்டு வந்து, ஒரு பக்கம் அவனையும் மறுபக்கம் இவனையும் போட்டுப் பால் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் ஏசின ஏச்சுக்கு, "பிள்ளை அழுதான், குடுத்தேன். உங்களுக்கு வலிக்குதா?" என்று கேட்டாளாம்.

வள்ளித்தாய் கம்பைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது.

மாயன் உதட்டைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "என்ன தங்கச்சி இவ்வளவு தூரம்? கையில என்ன ரத்தம்?"

"வளையல் உடைஞ்சுட்டு."

"யார் உடைச்சா?"

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மாயண்ணே, அம்மா போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு சொன்னாவ. உனக்கும் உருமா கட்டணும்னு சொன்னாவ."

வள்ளித்தாய் தலை நிமிர்ந்தாள். "அக்காவா சொன்னா?"

"ஆமா சித்தி. நான் சரின்னு தலையாட்டிட்டேன்."

வள்ளித்தாய் முந்தானையை எடுத்து மகனின் முதுகில் கசிந்த ரத்தத்தை ஒற்றினாள். "அவ சொல்லிருந்தா எனக்குப் பேச்சில்ல" என்றாள். "அவ குடுத்த உசுரு. அவ கேக்கா."

மாயன் உமாதேவியையே பார்த்தான். "நான் யார்கிட்டயும் உருமா கேக்கல. அம்மா போயிட்டா, மனசு கேக்கல, தலையைக் குடுத்தேன். அவ்வளவுதான். உங்க அண்ணன் என்ன சொல்லிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா. நீ கூப்பிடுதியா, வேண்டாங்குதியா? வேண்டாம்னா இங்கனயே இருந்துக்கிடுதேன். ஒரு வருத்தமும் கிடையாது."

வராதே என்று சொல்லத்தான் அவள் அத்தனை தூரம் வந்திருந்தாள்.

"வா" என்றாள்.

*

பதினோரு மணிக்குத் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் ஆள் நிரம்பிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஒரு பக்கம், மில்லுக்காரர்கள் ஒரு பக்கம், குளத்தூரிலிருந்து தாய்மாமன் செல்லத்துரை வகையறா ஒரு பக்கம். கோட்டை அடுப்பில் சாம்பார் கொதித்தது. தேங்காய் உரிக்கப் பந்தல் ஓரம் ஒரு கடப்பாரையை நட்டிருந்தார்கள்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் கிழக்கே பார்த்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். செல்லத்துரை மாமா தாம்பாளத்தைப் பார்த்தார். மூன்று துண்டு. உமாதேவியைப் பார்த்தார். அவருக்கு எழுபது வயது. தங்கை ஆசைப்பட்டது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாயன் பந்தலுக்குள் வந்தான். கிழிந்த சட்டையை மாற்றி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வள்ளித்தாய்.

பந்தலில் சாம்பார் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"வெளிய போயிரு" என்றான் லிங்கராஜ், பலகையிலிருந்து எழுந்து. சின்னவனுக்குப் பேச்சு முன்னால் வராது, கைதான் வரும். "இது எங்க வீட்டு விசேஷம்."

"எனக்கும் அம்மாதான் தம்பி. பேசாம உக்காரு. தங்கச்சி கூப்பிட்டு வந்தேன்."

"தங்கச்சியா? யாருக்கு யாருலே தங்கச்சி?"

லிங்கராஜ் அடுப்புப் பக்கம் பாய்ந்து ஒரு விறகுக்கட்டையை உருவினான். நுனியில் தீ இருந்தது. மாயன் கையைத் தூக்குவதற்குள் நெற்றியில் இறங்கிவிட்டது. தீப்பொறி தெறித்து வெள்ளைச் சட்டையில் விழுந்தது. நெற்றித்தோல் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது.

இத்தனை நேரம் பொறுத்ததே மாயனுக்கு அதிகம். கண் தெரியாமலேயே எதிரே இருந்த முகத்தில் குத்தினான். லிங்கராஜின் மூக்கு நொறுங்குகிற சத்தம் உமாதேவிக்குக் கேட்டது. அவன் மல்லாக்க விழுந்து நாற்காலிகளையும் சேர்த்துத் தள்ளினான். மாயன் விடவில்லை. அவன் மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி குத்தினான். "அம்மாவுக்கு மொட்டை போட்டது தப்பால? சொல்லுலே, தப்பா?" உமாதேவியின் கணவன் கார்த்திகேசன் பின்னாலிருந்து இழுத்தான். முழங்கையால் ஓர் இடி வாங்கிப் போய் விழுந்தான். லிங்கராஜ் அகப்பட்ட இடத்தில் கடித்தான். இரண்டு பேர் வாயிலும் ரத்தம்.

உமாதேவி சுற்றிப் பார்த்தாள். கல்யாணசுந்தரி கையால் சாப்பிடாத ஆள் அந்தப் பந்தலில் ஒருவர்கூட இல்லை. காய்ச்சலுக்குக் கஞ்சி வாங்கினவர்கள், கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்கினவர்கள், அவள் மடியில் முகத்தை வைத்து அழுதவர்கள். ஒரு ஆள் அசையவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் பெண்கள்தான் வந்தார்கள். பெட்டி அடைக்கிற சுடலைச்செல்வியும் இன்னும் நாலு பேரும் விழுந்து மாயனைப் பிய்த்து எடுத்தார்கள். வள்ளித்தாய் மகனின் மொட்டைத் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ரத்தம் நிற்கவில்லை. அவள் சேலை நனைந்தது.

உமாதேவிக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கைக்கு எட்டினது தாம்பாளம்தான். மூன்றாவது துண்டை எடுத்தாள், மாயனின் நெற்றியைச் சுற்றி இறுக்கி, பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். காயத்துக்குக் கட்டினது. சத்தியமாகக் காயத்துக்குத்தான்.

பந்தலில் யாரோ ஒரு கிழவர், "ஏயப்பா, பொம்பளை உருமா கட்டிட்டாளே" என்றார்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

சௌந்தரபாண்டியன் அதுவரை பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. தம்பியின் மூக்கு உடைந்தபோதுகூட எழவில்லை. இப்போது எழுந்தான். நடந்து வந்தான். உமாதேவியின் முன்னால் நின்றான்.

"உமா. காயத்துக்குக் கட்டினியா, உருமாவா?"

செல்லத்துரை மாமா கண்ணாலேயே கெஞ்சினார், காயத்துக்கு என்று சொல் தாயி, சொல்லிவிடு. சௌந்தரபாண்டியனின் பெண்டாட்டி, மதினி இசக்கிச்செல்வி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பதில் சொல்லு. காயத்துக்குன்னா அவன் எந்திரிச்சுப் போகட்டும். நான் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் சாப்பிடுவோம்."

ஒரு வார்த்தை. அதுவும் உண்மையான வார்த்தை. அதைச் சொன்னால் அண்ணன் உண்டு, வீடு உண்டு, ஆடிக்கும் தீபாவளிக்கும் வந்து உட்கார ஓர் இடம் உண்டு. அம்மா போட்டோ மாட்டியிருக்கிற சுவர் உண்டு. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் அம்மா கேட்டது இனி எந்த நாளிலும் நடக்காது. பதினாறாம் நாள் ஒரு தடவைதான் வரும்.

"உருமாதான்" என்றாள் உமாதேவி. "மாமா கட்டல. நான் கட்டினேன். அம்மா சொல்லிக் கட்டினேன்."

சௌந்தரபாண்டியன் தலையை இரண்டு தடவை ஆட்டினான், ஏதோ புரிந்துகொண்டவன் மாதிரி. பிறகு திரும்பிப் பந்தல் ஓரம் போனான். தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று நினைத்தார்கள்.

நட்டிருந்த கடப்பாரையை அவன் இரண்டு கையாலும் அசைத்துப் பிடுங்கினான்.

"எனக்குன்னு இருந்த பால்ல பாதிய இவன் குடிச்சான்" என்று கத்திக்கொண்டே வந்தான். "ஒரு வாய் சோறு தின்னாலும் மாயன் தின்னானா, மாயன் தின்னானான்னுதான் கேப்பா. பீ அள்ளினது நான். மூத்திரம் அள்ளினது நான். கடைசியில கேட்டது யாரை? இவனைக் கேட்டா. உருமாவுலயும் பங்கா?"

மாயன் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கவேயில்லை. வள்ளித்தாய் பார்த்தாள். மகனை இழுத்துத் தள்ளப் பார்த்தாள்.

கடப்பாரை மாயனின் இடது காதுக்கு மேலே விழுந்தது. துண்டோடு சேர்த்து விழுந்தது. அவன் ஒரு சத்தமும் போடவில்லை. முழங்கால் மடங்கி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். அவன் கால் மட்டும் தரையை இரண்டு தரம் உதைத்தது.

அடுத்த அடிக்கு சௌந்தரபாண்டியன் ஓங்கினபோது உமாதேவி குறுக்கே போய் அந்தக் கடப்பாரையைப் பிடித்தாள். அண்ணனும் தங்கையும் ஒரே இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் முகம் முழுக்க வேர்வையும் கண்ணீருமாக இருந்தது.

"போயிரு" என்றான். "இங்க நிக்காத. போயிரு."

*

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் மாயனின் கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. அவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஒரு தடவை கண்ணைத் திறந்து, "அம்மா" என்றான். வள்ளித்தாய் குனிந்து, "இருக்கேன்யா, இங்கனதான் இருக்கேன்" என்றாள். அவன் யாரைக் கூப்பிட்டானோ.

தள்ளி இன்னொரு கட்டிலில் லிங்கராஜ் மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு படுத்திருந்தான். கண் இரண்டும் வீங்கிக் கீற்றாகத் தெரிந்தன. அந்தக் கீற்று வழியாக மாயன் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உமாதேவியின் போன் அடித்தது. மதினி.

"உமா, ஆள் எப்படி இருக்கு?"

"தெரியல மதினி. ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போகணும்ங்காவ."

மதினி மெல்லப் பேசினாள். "உங்க அண்ணன் சொல்லச் சொன்னாவ. கூட்டத்துல யார் அடிச்சாங்கன்னு தெரியலன்னு சொல்லிரணுமாம். பந்தல்ல இருந்த எல்லார்கிட்டயும் பேசியாச்சு. போன்ல எடுத்ததெல்லாம் அழிச்சாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி. நீ வாயத் தொறக்காம வந்துட்டேன்னா, காலைல சொன்னதை மறந்துருங்காவ. வாசல் தொறந்துதான் இருக்குமாம்." குரல் உடைந்தது. "எனக்கு ரெண்டு பிள்ளைங்க உமா. அவியளை ஜெயிலுக்கு அனுப்பிராத."

போனை வைத்தபோது ஏட்டு செல்வக்குமார் நோட்டோடு வந்து நின்றார். கல்யாணசுந்தரியை அவருக்கும் தெரியும். தேர்தல் டூட்டிக்குத் தெருமுனையில் நின்ற நாளில் மோர் வாங்கிக் குடித்திருக்கிறார். அதனால் சங்கடப்பட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

"என்னம்மா நடந்தது?"

உமாதேவி வாயைத் திறப்பதற்குள் வள்ளித்தாய் எழுந்து வந்து ஏட்டின் கையைப் பிடித்தாள்.

"ஐயா, வழுக்கி விழுந்துட்டான்யா. பந்தக்கால்ல மண்டை மோதிட்டு. அப்படி எழுதுங்க."

"சித்தி."

"நீ சும்மா இரு தாயி. என் பிள்ளை பொழச்சா பொழைக்கட்டும், போனா போகட்டும். அந்த அக்கா பெத்த பிள்ளைய நான் போலீஸ்ல புடிச்சுக் குடுக்க மாட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடுப்பேன்? நாப்பது நாளு எம்பிள்ளைக்குப் பால் குடுத்தவ." அவள் கீழே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எழுதாதீங்கய்யா. கும்பிடுதேன், எழுதாதீங்க."

ஏட்டு உமாதேவியைப் பார்த்தார். அடிபட்டவனின் தாயே வேண்டாம் என்கிறாள். ஊர் முழுக்க வாயை மூடிவிட்டது. இவளும் தலையை ஆட்டிவிட்டால் அவருக்கும் வேலை மிச்சம்.

லிங்கராஜ் கட்டிலிலிருந்து இறங்கினான். மூக்குப் பஞ்சிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட உமாதேவியைத் தாண்டி வெளியே போனான். போனைக் காதில் வைத்து, "அண்ணே, இவ நிக்குததைப் பாத்தா சரியா படல. நீ கிளம்பு. வண்டிய எடு" என்று சொல்வது கேட்டது.

உமாதேவி வள்ளித்தாயைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தாள். அம்மா செய்திருக்கிற காரியங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தாள். யாருக்குக் கொடுத்தாலும் அம்மா கணக்குப் பார்த்ததில்லை. கொடுத்த பாலுக்கு இந்தக் கிழவி தன் பிள்ளை உயிரைத் திருப்பித் தருகிறேன் என்கிறாளே, அம்மா இருந்திருந்தால் இதற்கு இவளை எப்படி வைதிருப்பாள். அதை நினைத்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"விழல ஏட்டய்யா" என்றாள். "அடிச்சது. நான் பக்கத்துல நின்னேன். எழுதிக்கோங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அடிபட்டவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

"அடிச்சவரு?"

"அவரும் அண்ணன்தான்."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு சௌந்தரபாண்டியன்" என்றாள். "கடப்பாரையால அடிச்சாரு. அதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. நான் வேற பதில் சொல்லிருந்தா அடிச்சிருக்க மாட்டாரு. அதையும் எழுதிக்கோங்க."

"அதெல்லாம் இதுல எழுத முடியாதும்மா."

"எழுதுங்க."

அவர் எதையோ எழுதினார். வெளியே ஆம்புலன்சின் பின்கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வள்ளித்தாய் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

"அடிச்சவரு வீட்டு அட்ரஸ்?" என்றார் ஏட்டு.

அவள் தெருவின் பேரைச் சொன்னாள். பிறகு தான் பிறந்த வீட்டுக் கதவு நம்பரைச் சொல்ல வந்தாள். அம்மாவின் கட்டிலருகிலும் பந்தலிலும் நின்றவள், கடப்பாரையைப் பிடித்தவள், அதுவரை அழாதவள், அந்த நம்பர் பாதியில் வரும்போது உடைந்துபோனாள்.

ஏட்டு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "நம்பர் சரியா கேக்கலம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க."

"முப்பத்தேழு" என்றாள்.